மேல் சேறு

ஏரியின் அடியில் இறக்கிய பிளாஸ்டிக் குழாயை ஆராய்ச்சி மாணவி மெர்லின் மேலே இழுத்து, படகுக்குள் நிமிர்த்திப் பிடித்தாள். உள்ளே வருடக்கணக்கில் படிந்த சேறு அடுக்கடுக்காக நின்றது. இடையிடையே தெரிந்த கறுப்புக் கோடுகள் எப்போதோ எரிந்த காடுகளின் கரி என்றாள். நான் அவளுக்குத் துடுப்புப் போட வந்தவள்.

"மேல இருக்கிறது கூழா இருக்குக்கா. ஊத்திடலாம். கீழ இருக்கிற ஆயிரம் வருஷம்தான் எங்களுக்கு வேணும்."

"அந்தக் கூழு எத்தன வருஷம்?"

"பத்து, பன்னெண்டு இருக்கும்."

பதினோரு வருடத்துக்கு முன்பு மேற்கு மலைச்சரிவில் காட்டுத்தீயை அணைக்கப் போன என் தம்பி மாதனைப் புதைக்க எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கச் சரிவின் சாம்பல் இந்த ஏரிக்குத்தான் இறங்கியது.

அவள் குழாயைச் சாய்த்தாள். நான் துடுப்பை விட்டுவிட்டு அதன் வாயை உள்ளங்கையால் அடைத்தேன்.

"அக்கா, படகு திரும்புது. துடுப்பப் பிடிங்க."

"நீ பிடி."

"எனக்குத் தெரியாதுக்கா."

காற்று எங்களை நடு ஏரிக்கே தள்ளியது. படகு ஆடும்போதெல்லாம் கூழ் என் கையில் வந்து மோதியது. விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. அது எந்த வருடம் என்று அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.