இரண்டாம் பந்தி

நான்காவது லட்டை அவள் இன்னும் விழுங்கவில்லை. ஐந்தாவது கைக்கு வந்துவிட்டது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கல்யாண மண்டபத்தின் உக்கிராண அறை. எண்ணெய் டின், தேங்காய்க் குவியல், வெள்ளைத் துணி போட்டு மூடிய பலகாரக் கூடைகள். எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவள்தான்.

அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

இனிப்பு தெரியவில்லை. முந்திரி தெரியவில்லை. வாய் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்துக்கு முன்பு முதல் பந்தியில் உட்கார்ந்தாள். சித்தப்பா மகளுக்குத் தாலி ஏறியிருந்தது. விடிந்ததிலிருந்து சமையற்கட்டுக்கும் இந்த அறைக்குமாக நடந்த கால்கள் கெஞ்சின. ஒரு வாய் காபியோடு சரி. பசித்தது.

இலை போட்டுக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் குனிந்தார்.

எதிர் வரிசையிலிருந்து பெரியத்தையின் குரல்.

"தம்பி, அவளுக்கு எதுக்கு இலை? உக்கிராணத்துச் சாவி அவ இடுப்புலதான் இருக்கு. காலையிலேருந்து உள்ளயே கொறிச்சிருப்பா. ஒடம்பப் பாத்தாத் தெரியல?"

"அப்பிடின்னா ரெண்டு இலையாப் போடுப்பா. ஒண்ணு பத்தாது" என்றார் அத்தைக்குப் பக்கத்தில் இருந்த மாமா.

பந்தி சிரித்தது. இலை போட வந்தவரும் சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

அத்தை சொன்னபோது அது பொய்.

இப்போது பொய் இல்லை.

'பன்னி' என்று தன்னைத் திட்டினாள். 'வெட்கங்கெட்ட பன்னி. அவங்க சொன்னதுல என்ன தப்பு?'

இந்தக் குடும்பத்தில் இது ஒன்பதாவது கல்யாணம். ஒன்பதிலும் சாவி அவளிடம்தான். உன்னை விட்டால் யாரம்மா இருக்கிறார்கள் என்பார்கள். ஒன்பதிலும் யாராவது ஏதாவது சொன்னார்கள். ஒன்பதிலும் இந்தக் கதவு இப்படித் தாழிடப்பட்டது.

சொன்னவர்களுக்கு என்ன? கை கழுவி வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து அவள் தொடர வேண்டும். ஒரு மாதம் தன்னைத் திட்டுவாள். சோற்றை நிறுத்துவாள். பீரோக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிடுவாள். பிறகு ஒருநாள், யாரும் இல்லாத வீட்டில், மிக்சர் டப்பாவைத் தரை தெரியக் காலி செய்வாள். மறுபடி திட்டுவாள்.

ஒருத்தியைத் திட்ட எத்தனை பேர்தான் வேண்டும்?

கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரும்மா? சாப்பாட்டு ஹாலு எந்தப் பக்கம்?"

வயதான ஆண் குரல். யாரென்று தெரியவில்லை. மென்றதை அவசரமாக விழுங்கினாள்.

"இடது பக்கம் திரும்பி நேராப் போங்கய்யா. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. பஸ்ஸு லேட்டு."

"அய்யோ, பசியோட நிக்காதீங்க. அடுத்த பந்தி போட்டுடுவாங்க. முதல்ல போயி உக்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

காலடிச் சத்தம் போய்விட்டது.

அவள் காதில் தன் குரலே மிச்சமிருந்தது.

எவ்வளவு பதமான குரல். முகம்கூடத் தெரியாத ஒருவருக்கு, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாற்பது வருடத்தில் தனக்கென்று அதில் ஒரு சொல் ஒதுக்கியது இல்லை.

கோபம் வந்தது. முதல் தடவையாகத் தன் மேல் வராமல், தனக்காக வந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வாய்விட்டு. மூட்டைகளுக்கு நடுவில், தன்னைப் பார்த்து.

கையிலிருந்த லட்டைப் பார்த்தாள்.

"இல்ல."

நாலு லட்டு தின்ற வாய் அப்படிச் சொன்னது. சொன்னது உண்மை.

ஐந்தாவதைக் காகிதத்தில் வைத்து மடித்தாள். முகம் கழுவினாள். கதவைப் பூட்டினாள்.

சாப்பாட்டு ஹாலில் இரண்டாம் பந்தி நிரம்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் இடம் இருந்தது. நடுவிலும் ஒன்று இருந்தது. நடுவில் போய் உட்கார்ந்தாள். இலை வந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

பெரியத்தை வேகவேகமாக வந்தாள்.

"ஏண்டி, இங்க வந்து உக்காந்திருக்க? மோர் மொளகா கேட்டுச் சமையக்காரரு கத்துறாரு. எழுந்திரு, எழுந்திரு."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"எண்ணெய் டின்னுக்குப் பின்னால இருக்கு அத்தை. எனக்குப் பசிக்குது. சாப்பிட்டுட்டு வரேன்."

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தை கையை விரித்துச் சாவியையே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குடி" என்று முனகிக்கொண்டு போனாள்.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. நிதானமாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

பெருங்காயம் தெரிந்தது. உப்பு ஒரு கல் தூக்கல். கண்ணில் நீர் கட்டியது. துடைக்கவில்லை.

வரிசையின் கோடியில் வெளிச்சம் முளைத்தது. வீடியோக்காரர். ஒவ்வொரு முகமாக வந்துகொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் பெண்கள் மெல்வதை நிறுத்தினார்கள். வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டார்கள்.

அவளிடம் வந்ததும் வெளிச்சம் லேசாக மேலே ஏறியது. அவளைத் தாண்டி அடுத்த இலையில் இறங்கியது.

"தம்பி" என்றாள். "என்னை விட்டுட்டீங்க."

வெளிச்சம் திரும்பி வந்து அவள் முகத்தில் நின்றது.

அவள் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.