நடந்து போன குப்பை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பூச்சிகளின் பெயரெல்லாம் வாயில் நுழையாது. அதனால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செடிப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. ஆறு வரிசை ரோஜாத் தொட்டிகளைப் பார்க்க அந்த வாரக் கடைசியில் ஹோட்டல்காரர்கள் வருவதாக இருந்தது. இலைகளிலோ கடுகளவு கடுகளவாகக் குப்பை.

புதிதாக வந்த சூப்பர்வைசர் பெண்ணிடம் சொன்னேன். எந்நேரமும் கையில் பூதக்கண்ணாடியோடு திரிகிறவள்.

"துடைச்சிடட்டுமாம்மா?"

"ஐயோ, தொடாதீங்கக்கா! அது எதுக்குன்னா..."

"எனக்குப் பாடமெல்லாம் வேணாம் தாயே. குப்பைன்னா குப்பைதான்."

சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். இலைக் குப்பையைத் துடைக்க விடமாட்டேன் என்கிறாள் என்று முதலாளியின் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்து ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன். இரண்டு வரிசை முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்பக்கம் போய் சாவகாசமாக டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்தால், அந்தப் பெண் தலையில் கைவைத்து நிற்கிறாள். பக்கத்தில் முதலாளி.

"ஆறு வரிசையிலயும் சுத்தமா காலி, சார்!"

மூலைத் தொட்டியில் ஒரே ஒரு குப்பைதான் மிச்சம். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

குப்பை நடந்தது!

இலையில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சிக் கூட்டத்துக்குள் மெல்லப் புகுந்தது. இலைச்சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த அசுவினிகள், குப்பைதானே என்று அசையாமல் இருந்தன. அடியிலிருந்து இரண்டு கொடுக்குகள் நீண்டன. ஒன்றைக் கவ்வி, உறிஞ்சி, சக்கையைத் தூக்கித் தன் முதுகிலேயே போட்டுக்கொண்டது.

"தின்ன சக்கையைப் போர்த்திக்கிட்டே அடுத்த ஆளைப் பிடிக்கப் போகுதா? அடி கள்ளி! எங்க நாத்தனாரையே மிஞ்சிடுவா போலிருக்கே!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இதுங்க இருந்தா மருந்தே அடிக்க வேணாம்க்கா. இப்போ காவல் போச்சு. மொட்டெல்லாம் சுருங்கிடும்."

முதலாளி துள்ளிக் குதித்தார். "எவன் பார்த்த வேலை இது? துடைச்சவங்க யாரா இருந்தாலும் நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்!"

இந்த வயதில் வேறு யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

என் முகத்தைப் பார்த்தாள் அந்தப் பெண். "நான்தான் சார் துடைக்கச் சொன்னேன்" என்றாள்.

அவளைப் பற்றிப் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்காகப் பொய் சொல்கிறாள்! வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லைங்க ஐயா, நானாத்தான் துடைச்சேன். ஆனா சத்தியமா ரெண்டே வரிசைதான். அதுக்கு மேல என் இடுப்பு வளையாது."

"அப்போ மீதி நாலு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

முதலாளி அவசரமாக மேலே நிழல்வலையைப் பார்த்தார்.

அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில், நாலைந்து குப்பைகள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன.

எனக்கு என் வேலை முக்கியம். "சட்டையில தூசிங்க, ஐயா" என்று சொல்லி, ஒவ்வொன்றாக நோகாமல் எடுத்து ரோஜா இலையில் விட்டேன்.