பலகை ஆறும் வரை

நட்சத்திரங்களின் வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் படம்பிடிக்கும் அந்த அகச்சிவப்புக் கேமராவை வடிவமைக்கப் பூங்கோதைக்கு ஏழு வருடம் பிடித்தது. கேமராவின் சொந்தச் சூடே அதன் கண்ணை மறைத்துவிடாதபடி அதைக் கடுங்குளிரில் வைத்துக் காத்தவள் அவள்தான். தொலைநோக்கியில் பொருத்துவதற்கு முன் அமைச்சருக்குக் காட்ட விழா எடுத்தார்கள். வாசல் கல்வெட்டில் ஐந்து பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

"இடம் பத்தலைம்மா," என்றார் இயக்குநர் சபாபதி. "மந்திரி பேருக்கே மூணு வரி போயிடுச்சு. நீ போய் அந்தப் பலகையை நேரா நிமித்தி வச்சுட்டு வா."

கேமராவுக்கு எதிரே நின்ற வெறும் கறுப்பு மரப்பலகை அது. பூங்கோதை உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு எல்லோரும் பார்க்க, விரலை அழுத்தி நிதானமாக எழுதினாள். பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் கேமரா பார்ப்பதைக் காட்டிய கூடத்துப் பெரிய திரையில் அவள் பெயர் வெள்ளையாகக் கனன்றது. அமைச்சர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"என்ன வேலை இது? அழி முதல்ல!" சபாபதி கையை நீட்டிக்கொண்டு பலகையை நோக்கி ஓடினார்.

"தொடாதீங்க சார். உங்க கைச்சூடும் சேர்ந்து தெரியும். அது தானா ஆறணும்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. கடைசி எழுத்தும் மறையப் போகிற நேரத்தில், பூங்கோதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால், கேமராவுக்கு நேரே வந்து நின்றாள்.

திரை முழுவதும் வெள்ளையாயிற்று.