என் ஃபைலைத் திறந்தது யார்?

"உங்க தங்கச்சி பேர் மட்டும் அதுல இருக்கட்டும், அன்னிக்கே அவ வேலை காலி," என்றாள் என் மனைவி, மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்ம ஃபைலை நாமே கேட்டு வாங்கலாமாம். அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்றும் கேட்கலாமாம். வைத்தியத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர் பார்த்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இதையெல்லாம் எங்கே விசாரித்தாளோ, மனுவும் கையுமாக வந்து நிற்கிறாள்.

என் தங்கை அந்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில்தான் இருக்கிறாள். புருஷன் போனபிறகு அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறாள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே என் மனைவிக்குத் தூக்கமில்லை. காரணமே இல்லாமல் அழுகை வேறு. மனநல டாக்டரிடம் காட்டினோம், மாத்திரையில் நன்றாகவே தேறி வந்தாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. என் அம்மாவிடம்கூட 'தலைவலி' என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். இந்த ஊர் வாயைப் பற்றித் தெரியாதா என்ன? ஒருதடவை 'மறை கழன்றவள்' என்று பேர் கட்டிவிட்டால் அப்புறம் சாகும்வரைக்கும் அதுதான் பேர்.

போன மாதம் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தி இவளைத் தனியாகக் கூப்பிட்டு, தூக்க மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்திடாதே, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்கணும் என்று சொல்லியிருக்கிறாள்.

போச்சு. வீட்டுக்கு வந்ததும் இவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். என் தங்கைதான் ஃபைலைப் பார்த்துச் சித்தியிடம் ஊதியிருக்கிறாள்.

கல்யாணமான நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஆகாது. என் தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள், சிரித்து மழுப்பத் தெரியாது. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறவன். ஊரில் எல்லார் வீட்டிலும் குளிர வைக்கிறேன், என் வீட்டில்தான் பாச்சா பலிக்கவில்லை.

தங்கையிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன். கேட்டால் உஷாராகிவிடுவாளாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொல்லி அழைப்பு வந்தது. போனோம். மாடியில் தகவல் அதிகாரியின் அறை. அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்து, போட்டு, கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்குள் நான் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தங்கையின் பிள்ளைகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

டாக்டர் பார்த்திருக்கிறார். நர்ஸ் பார்த்திருக்கிறார். மருந்து கொடுப்பவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் என்றார்.

என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள். அவரும் பொறுமையாகப் பார்த்தார். வேறு யாருமில்லை.

அப்படியானால் சித்திக்கு எப்படித் தெரிந்தது? வராந்தாவுக்கு வந்து சித்திக்கே போனைப் போட்டுவிட்டாள். சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மருந்து வாங்குற ஜன்னல்ல நீ நின்னப்ப நானும் அங்கதாம்மா நின்னேன். எனக்கும் அதே டாக்டர்தான். நீ பார்த்திடுவியோன்னு தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். உங்க சித்தப்பாகிட்ட சொல்லிடாதே."

என் மனைவி போனை வைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிளம்பலாம் என்று பையை எடுக்க உள்ளே போனால், அதிகாரி உட்காரச் சொன்னார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, உங்கள் ஃபைல் சம்பந்தப்பட்டதென்பதால் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார். என் மனைவி முதல் தடவை வந்த அன்று, பதிவானவர்கள் வரிசையில் இவள் பேரைப் பார்த்ததும் ரெக்கார்டு செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் இவரிடம் ஓடி வந்திருக்கிறாள். இது என் அண்ணி, இந்த ஃபைல் மட்டும் எனக்குத் திறக்காதபடி பூட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன், பூட்டு போட்டாத்தான் பார்க்காம இருப்பாளாமா?" என்றாள் என் மனைவி. பழைய காரம் இருந்தது, ஆனால் பாதிதான்.

"நானும் அதைத்தான் கேட்டேன். பார்க்காம இருந்தா போதுமே, பூட்டு எதுக்குன்னு. 'இங்கயே வேலை பார்க்கறேல்ல, அண்ணிக்கு என்னன்னு பார்த்துச் சொல்லுன்னு எங்க அம்மா உயிரை எடுப்பாங்க மேடம். அப்ப திறக்கவே முடியாதுன்னு சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால அது நிஜமாவே திறக்காம இருக்கணும்'னாங்க."

என் தங்கை. கூடப் பிறந்தவன் என்று அந்த அறையில் எழுந்து நின்று சொல்லவேண்டும்போல இருந்தது எனக்கு. நெஞ்சு கொள்ளவில்லை.

நான் பேச வாயெடுப்பதற்குள் என் மனைவி விடுவிடுவென்று படியிறங்கிவிட்டாள். ரெக்கார்டு செக்‌ஷன் வாசலில் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். யாரைப் பார்க்கணும் என்று தடுத்தார் காவலாளி.

"என் நாத்தனாரை," என்றாள், அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எனக்கு என்னன்னு அவகிட்ட நானே சொல்லணும்."