கிருஷ்ணகிரியில் கேட்ட பஞ்சமம்

“எனக்கும் ஒரு மைக் வேணும்க்கா.”

தம்பூராவைக் கையில் கொடுத்த அன்றே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் பாடகி சரோஜம்மாள். ஓசூர்த் தேர்த் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் தென்னந்தட்டி மறைப்பில், கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டேவிட்டேன்.

பூ வைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

“பி.ஏ. படிச்சா மைக்கும் சேத்துக் குடுக்கறாங்களா, மாரம்மா?”

எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக் குத்தாதவர்கள் ஊரில் இல்லை.

பத்திரிகையை அவர் முன்னால் போட்டேன். போன மாதம் கிருஷ்ணகிரியில் நடந்த எங்கள் கச்சேரியைப் பற்றி பெங்களூர் விமர்சகர் ஒருவர் எழுதியது.

‘மேல்ஸ்தாயி பஞ்சமத்தில் அம்மையாரின் சாரீரம் அசையாது நின்ற அழகே அழகு!’

அம்மையார் மேல்ஸ்தாயிக்குப் போகவே மாட்டார். அந்த இடம் வந்தால் கையை உயர்த்தி வாயை மட்டும் திறப்பார். பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்து பாடுவது நான். ஒவ்வொரு பாராட்டும் அவர் பெயரில்.

“இது என் குரல். இன்னிக்கு எல்லாருக்கும் தெரியட்டும்.”

அவர் கோபப்படவில்லை. குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு ஒனக்குத் தொண்ட கட்டிப் போச்சேடி. மிளகுப்பால் குடிச்சுட்டு சும்மா குந்தினு இருந்தியே. நானும் மேல போகாம கீழயே பாடி முடிச்சேன்.”

ஆமாம். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தேன். எப்படி மறந்தேன்? விமர்சனத்தைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்டதே!

“அப்ப அவரு எதைக் கேட்டாரு?”

“யாருக்குத் தெரியும்? ஒன்ன மாதிரி நானும் படிச்சுட்டு சந்தோஷப்பட்டேன்.”

யாருமே பாடாத பஞ்சமம். அதற்கா சண்டைக்கு வந்தேன்? அப்படியானால் முன்னால் எழுதியதெல்லாம்? விமர்சகர் என் குரலைக் கேட்டு எழுதியது எது, கேட்காமல் எழுதியது எது?

தட்டி இடுக்கில் பார்த்தேன். மைக் செட்காரர் ‘ஹலோ, ஹலோ’ என்றார். முன்வரிசையில் அதே பெங்களூர் விமர்சகர் அதற்கே கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தம்பூராவைச் சரோஜம்மாள் மேல் சாய்த்துவிட்டு எழுந்தேன்.

“ஏய், எங்கடி போற? மேல யாரு பாடறது?”

விமர்சகருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் யாரும் உட்காராத வரிசை.

இன்று அவர் காதில் என்ன விழுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று நடந்தேன்.