பழைய வீட்டில் விசாரித்தபோது

"அந்தம்மா மூஞ்சியில முழிக்கிறதுக்கு, நான் இங்கிட்டே இருந்துக்கிறேங்க" என்றாள் பிரகதீஸ்வரி.

கோலாலம்பூரிலிருந்து அவள் கணவன் அரவிந்த்குமார் பொறுமையாகத்தான் பேசினான். வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம். நாலு பேரோடு ஒரே அறையில் காலம் தள்ளுகிறான். பெண்டாட்டி, மகளை அழைத்துக்கொள்ள அலையாய் அலைந்து இப்போதுதான் ஒரு வீடு அமைந்திருக்கிறது. 'கொண்டோ' என்கிறார்கள் அங்கே. ஒன்பதாவது மாடி, காவலாளி, நீச்சல்குளம், எதிரிலேயே பள்ளிக்கூடம். இதற்கு முன்னால் பார்த்த ஐந்தும் கைநழுவிப் போயின. ஒருத்தர் உங்கள் சமையல் வாசம் சுவரை விட்டுப் போகாது என்றார். இன்னொருத்தர் காரணமே சொல்லவில்லை.

"இந்த வீட்டு ஓனரம்மா நல்ல மாதிரிதான் பிரகதி. ஆனா முன்னாடி குடியிருந்தவங்க சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்களாம். அதனால, நாம கடைசியா குடியிருந்த வீட்டுல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுத்தான் சாவி தருவேங்கிறாங்க."

"எங்கப்பாவைப் பேசச் சொல்றேன். ஓனர்னு சொல்லிக்கட்டும்."

"பழைய அக்ரிமெண்ட்டை வாங்கிட்டாங்க. அதுல நூர்நிஷாம்மா பேருதானே இருக்கு. அவங்க பினாங்குல பொறந்தவங்க, மலாய் பேசுவாங்கன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன். நேராப் பேசிக்கிறேன்னுட்டாங்க."

"போச்சு."

"தெரியாத நம்பர்னா நூர்நிஷாம்மா எடுக்க மாட்டாங்க. நீ நேர்ல போயி உன் போன்லேர்ந்து பேச வை. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டு விலாசம் குடுக்கலைன்னா பாப்பாவுக்கு ஸ்கூல் சீட்டும் போயிரும்."

பிள்ளை பேரைச் சொன்னால் அப்புறம் என்ன பேச்சு. நார்த்தாமலையில் அப்பா வீட்டிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டைக்கு வந்து, திருக்கோகர்ணத்தில் போய் இறங்கினாள்.

நாலு வருஷம் குடியிருந்த மாடி வீடு. கீழ்வீட்டில் நூர்நிஷா. அரவிந்த் ஊரில் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவன் விமானம் ஏறிய மூணாம் மாதம் தண்ணீர் மோட்டார் ஒருநாள் பூராவும் ஓடி எரிந்துபோய், தெருவே கருகல் நாற்றம். "போட்டுட்டு அணைக்காம எங்கே போன?" என்று நூர்நிஷா கேட்க, "நான் அணைச்சிட்டுத்தான் போனேன், நீங்கதான் போட்டிருப்பீங்க" என்று பிரகதி திருப்பிக் கேட்க, அக்கம்பக்கம் வாசலுக்கு வந்துவிட்டது. "என் வீட்டுல இனிமே ஒனக்கு இடமில்லை" என்றார் நூர்நிஷா. மாதம் பாதியிலேயே சாமான்கள் வண்டியேறின. போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இப்போது அதே வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"யாரு, பிரகதியா? உள்ள வா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தை மென்று முழுங்கிச் சொல்லி முடித்தாள். நூர்நிஷா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அவுக கேட்டா என் மனசுக்குப் பட்டதைத்தான் சொல்லுவேன். சம்மதம்னா போனைப் போடு."

சம்மதம் இல்லாமல்? வேறு வழி?

தமிழில் அளந்து அளந்து பேசுகிற நூர்நிஷா, மலாயில் மழையாகப் பொழிந்தார். முதலில் சிரிப்பும் நலம் விசாரிப்பும் போலத்தான் இருந்தது. அப்புறம் எதிர்முனை என்னவோ கேட்டது. நூர்நிஷா சிரிப்பை நிறுத்திவிட்டு, பிரகதியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் நிறைய நேரம் பேசினார். நடுவில் 'மோட்டார்' என்பது மட்டும் பிரகதிக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை மோட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா கேட்டாங்க?"

"ஏன் மாசம் பாதியில காலி பண்ணாங்கன்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இரு, டீ போடுறேன்."

"வேணாம்மா, வாரேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் மனதுக்குள் நூர்நிஷாவைத் திட்டித் தீர்த்தாள். கட்டின பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். பாப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கையில் போன் அடித்தது.

"பிரகதி, சாவி கைக்கு வந்துருச்சு" என்றான் அரவிந்த்.

"நெசமாவா? அந்தம்மா மோட்டார் கதையெல்லாம் சொன்னாங்களே."

"சொன்னாங்களாம். 'மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது நான்தான், பழியைத் தூக்கி அந்தப் பொண்ணு மேல போட்டுட்டேன், அதுல மனசு வெறுத்துப் போயிட்டா, அவ மேல ஒரு குத்தமும் இல்லை'ன்னு சொன்னாங்களாம். தன் தப்பை இப்படி ஒத்துக்கிறவங்க பேச்சை நம்பலாம்னு இங்க உடனே சாவியை எடுத்துக் குடுத்துட்டாங்க."

டவுன் பஸ் வந்து நின்றது. பிரகதி ஏறவில்லை.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அன்னிக்கு அழுதுக்கிட்டே சொன்னப்ப எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்க பாரு. பிரகதி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க. அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போயிட்டு வந்துடுறேன்."

"மறுபடியுமா? எதுக்கு?"

"அன்னிக்கு மோட்டாரை அணைக்காமப் போனது நான்தாங்க."