அங்கேயே நிறுத்துங்கண்ணே!

"எங்க மாமியார் மூஞ்சி கோணலா வர்ற இடத்துல வீடியோவ நிறுத்தி, அதை மட்டும் ஒரு போட்டோவா எடுத்துக் குடுங்கண்ணே."

ஸ்டுடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க"ன்னு கேட்டவங்க உண்டு. "பக்கத்துல நிக்கற சித்தப்பாவைத் தூக்கிடுங்க"ன்னு கேட்டவங்களும் உண்டு. இது புதுசு.

வந்த பொண்ணு பென் டிரைவை நீட்டினா. அவளோட பழைய கல்யாண வீடியோ.

"இப்ப எதுக்கும்மா இது?"

"நாளைக்கு என் நாத்தனாருக்குக் கல்யாணம். அதுக்குள்ள இதை அத்தை கையில குடுத்தாகணும்."

அடிப்பாவி! சொந்தப் பொண்ணு கல்யாணத்துல அந்தம்மா மானத்தை வாங்கப் பாக்கறா. ஸ்டுடியோக்காரருக்கும் தன் மாமியாரைக் கண்டா ஆகாதுதான். அதுக்காக இப்படியா? எப்படியாவது அந்தம்மாவைக் காப்பாத்திடணும்னு முடிவு பண்ணிட்டாரு.

வீடியோவை ஓட்டினாரு. மேடையில மாமியார், மகாராணி மாதிரி. டக்குனு நிறுத்தினாரு.

"ஆஹா! என்ன களை பாரும்மா!"

"களையைத்தான் தினம் பாக்கறேனே. தள்ளுங்க."

"இது? சிரிச்ச முகம்!"

"கேமராவைப் பாத்து சிரிக்கறாங்க. என்னைப் பாத்தா சிரிச்சாங்க? தள்ளுங்கண்ணே. சாப்பாட்டு இடத்துக்குப் போங்க, அங்க மாட்டுவாங்க."

மாட்டினாங்க. ஓடற வீடியோல லட்சணமா மென்னுட்டிருந்த அம்மா, நிறுத்தி நிறுத்திப் பாத்தா வேற ஆளு. கண்ணு சொருகி, கன்னம் உப்பி... ஸ்டுடியோக்காரர் அவசரமா ஓட்டினாரு.

"நிறுத்துங்க! பின்னாடி போங்க. ஒவ்வொரு படமா நகர்த்துங்க."

"படம் ஆடியிருக்கும்மா. தெளிவா வராது."

"நல்லாத் தெளிவா இருக்கு. ஆனா வாய் வலப்பக்கம்ல கோணுது? எனக்கு இடப்பக்கம் வேணும்."

"ஏம்மா, கோணல்ல பக்கம் வேற பாக்கறியா!"

கீபோர்டுல இன்னொரு தட்டு. அந்தம்மா இன்னொரு வாய் சோறு. வாய் இடப்பக்கமா இழுத்து, அந்தப் பக்கத்துக் கண்ணு பாதி மூடி...

அவ கைதட்டி எழுந்துட்டா. "அதான்! அங்கேயே நிறுத்துங்கண்ணே! பெருசாப் போட்டுக் குடுங்க!"

பிரிண்டர் மெதுவாப் படத்தைத் துப்பிச்சு. இவருக்குத் தாங்கலை.

"தப்பா நெனச்சுக்காதம்மா. பெரியவங்க, ஏதோ நாலு வார்த்தை சொல்லியிருப்பாங்க. பழி வாங்க நல்ல நாள் பாத்தே போ! இதைக் காட்டினா, நாளைக்கு அவங்க எப்படித் தலை நிமிர்ந்து நாலு பேர் முன்னாடி வருவாங்க?"

அவ படத்தைச் சூடு ஆறாமலே பைக்குள்ள வெச்சா.

"இதைக் காட்டினாத்தாண்ணே வருவாங்க. போன மாசம் முகவாதம் வந்து அத்தைக்கு வாய் இடப்பக்கமா இழுத்துக்கிச்சு. அன்னையிலேருந்து கண்ணாடி மேல துணி, கதவுல தாழ்ப்பாள். 'இந்த மூஞ்சியோட கல்யாணத்துக்கு வரமாட்டேன்'னு ஒரே அழுகை. அதான் சொல்லப் போறேன்: 'அத்தை, என் கல்யாணத்துலயும் நீங்க இதே லட்சணத்துலதான் உக்காந்திருந்தீங்க. ஒருத்தரும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடலை. அழுதது போதும், பட்டுப்புடவையக் கட்டிட்டுக் கிளம்புங்க!'"